உள்மூலையிலிருந்து நான்கு பெட்டிகள்

எங்கள் குளிர்க்கிடங்கில் பதினெட்டுப் பெட்டிகளைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெட்டியும் விரித்த கையளவு அகலம், மூன்று விரல் உயரம். உள்ளே ஒன்பதுக்கு ஒன்பதாக எண்பத்தொரு குழிகள். குழிக்கு ஒரு குப்பி. குப்பிக்குள் ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீர் கல்லாய் உறைந்து கிடக்கும். குழந்தை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவர்கள் எல்லோருக்கும் இப்போது ஐம்பத்தொரு வயது. அதில் ஒரு குழந்தை என் மனைவி.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ரத்தத்தை எடுத்தவர் எங்கள் பேராசிரியர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது, மாணவி. பதினோரு பள்ளிக்கூடங்களுக்குப் போய், பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஊசி போட்டதால் பிள்ளைகள் வைத்த பேர் ஊசியம்மா. பேராசிரியர் ஆன பிறகும், துறைத் தலைவர் ஆன பிறகும், சுமக்கிற, துடைக்கிற ஆட்கள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வோம். அவருக்கும் தெரியும். ஒரு நாள் தேநீர் அறைக்குள் வந்து, "ஊசியம்மா வராங்கன்னு சொல்லிட்டிருந்தீங்களே, வந்துட்டேன்" என்று நின்றார். லிஃப்ட் இயக்குகிறவர் குடித்த தேநீரை மூக்கு வழியாக விட்டார்.

அவர் ஆயுசு முழுக்கப் படித்தது ஒரே கேள்வியை. சில கிருமிகள் காய்ச்சல் காட்டிவிட்டுப் போய்விடும். சில கிருமிகள் வந்ததும் தெரியாது, போகவும் போகாது. வாடகை பேசாமல் குடிவந்தவன் மாதிரி ஒரு மூலையில் படுத்துக்கொண்டு சாகும்வரை நம்மோடு இருக்கும். அப்படி ஒரு கிருமியை அவர் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் அது வந்துவிடும். சிலருக்கு மட்டும் பத்து வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அப்படி முன்னால் வந்தவர் உடம்பு, அதைக் காவல் காத்துக் காத்து, மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிழடு தட்டுகிறதா? இதுதான் கேள்வி. எப்போது வந்தது என்று இன்றைய ரத்தத்தைக் கேட்டால் அது சொல்லாது. பத்து வயதில் எடுத்த ரத்தம்தான் சாட்சி.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அத்தனை பேரையும் கூப்பிடுவார். கைப்பிடிக் கருவியை நசுக்கச் சொல்வார், பத்து மீட்டர் நடக்கச் சொல்வார், குழாயில் ஊதச் சொல்வார், ரத்தம் எடுப்பார். அவர்களுக்கு நாற்பது வயது ஆனபோது விடை தெரிந்தது. சின்ன வயதிலேயே கிருமி வந்தவர்களின் பிடி, நாற்பத்தைந்து வயதுக்காரர் பிடி மாதிரி தளர்ந்திருந்தது.

பதினாலு பெட்டிகளில் அப்படி. மற்ற நாலு பெட்டிகளில் அப்படி இல்லை. அந்த நாலு பெட்டியிலும் கிருமி முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அந்த நாலும் ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளின் ரத்தம். நான் கல்யாணம் பண்ணிக் குடியேறிய இடம் அதுதான்.

பேராசிரியர் அதை விடவில்லை. அந்தக் குடியிருப்பில் ஏதோ ஒன்று கிருமியின் கெடுதலைத் தடுக்கிறது, அது என்ன என்று தேடினார். பதினோரு வருஷம் தேடினார். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மண், ஆலைப் புகை படிந்த சுவரின் சுரண்டல், சமையலறை எண்ணெய் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். தண்ணீர்க் கேன்களை மூன்று மாடி தூக்கி வந்தது நான். அதை வைத்து ஆறு கட்டுரை எழுதினார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் தெருவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் செய்தி வேறு மாதிரி பரவியது.

"நம்ம தெரு ஆளுங்களுக்கு வயசே ஆகாதாம்ல" என்பார் பக்கத்து வீட்டு முடிதிருத்துகிறவர்.

"அப்போ உங்க தலைல இருந்தது எங்க போச்சு?" என்பாள் என் மனைவி.

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை பார்க்கிறாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு தடவை துறையிலிருந்து கடிதம் வரும்போதும் அதை எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பாள். மூன்றாவது பெட்டி, ஏழாவது குழி. அது அவள் எண். நாலு பெட்டிக்காரர்களில் கிருமி சின்ன வயதில் வரவில்லை என்று குறிக்கப்பட்டவள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஒரு வார விடுமுறை நாளின் மத்தியானம், இந்தக் கட்டடத்தில் ரசாயனப் பெட்டி இறக்க வந்திருந்தேன். இரண்டாம் மாடியில் உறைபெட்டி நின்றுபோயிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். கட்டடத்தில் டெக்னீஷியன் ஒருவர், பேராசிரியர், கீழே நான். டெக்னீஷியன் படியில் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது பெட்டிகள் எல்லாம் அட்டை. ஈரம் ஏறி அடிப்பக்கம் கூழாகிக்கொண்டிருந்தன. குப்பிகளில் ஒட்டிய சீட்டுகள் முதல் வருஷமே குளிரில் பசை விட்டு உதிர்ந்துவிட்டன. குப்பிக்குப் பேர் கிடையாது, எத்தனையாவது குழியோ அதுதான் பேர். டெக்னீஷியன் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, நடுவில் உறைபனிக்கட்டியைக் கொட்டி, தடித்த கையுறையைக் கொடுத்தார்.

"ஒண்ணொண்ணா எடுத்து, அதே வரிசைல புதுசுல வை. வரிசை மாறக்கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

அவர் பதினாலு பெட்டி மாற்றினார். நான் நாலு. பேராசிரியர் எங்கள் இருவருக்கும் நடுவில் பனிக்கட்டி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குப்பி விழவில்லை, ஒரு குப்பி உருகவில்லை. முடிந்ததும் பேராசிரியர் என் கையைப் பார்த்தார். கையுறையையும் மீறி விரல் நுனி வெளுத்திருந்தது. "உங்க கை கொஞ்சங்கூட நடுங்கலை" என்றார். அடுத்த வாரம் குளிர்க்கிடங்கில் எனக்கு வேலை. என் வேலை அந்த ஒரு மத்தியானத்தால் கிடைத்தது.

அப்போது எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், மூட்டை எண்ணுவதால். எழுத்து கற்றது ஐம்பத்தொரு வயதில். எல்லாவற்றிலும் கணினிச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள், படிக்கத் தெரியாதவன் தோட்ட வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று கிடங்கு மேலாளர் சொன்னார். எனக்குக் குளிர் பழகிவிட்டது, வெயில் ஒத்துக்கொள்ளாது. மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். அவள் முழங்கால் மாத்திரை அட்டையை வைத்துத்தான் முதல் பாடம்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒரு... நாளைக்கு... ஒன்று."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"அது போடலை."

"போட்டிருக்கு, பொடி எழுத்துல. கண்ணைத் தொடைச்சிட்டுப் பாருங்க. அதைத் தெரிஞ்சுக்காம முழுங்கினா வயித்துக்கு யாரு பதில் சொல்றது?"

எழுத்துக் கூட்ட நாற்பது நாள். முழு வாக்கியத்தைத் தடுக்காமல் படிக்க இரண்டு வருஷம். இப்போதும் வாய் அசையாமல் படிக்க வராது.

இந்த வருஷம் கிடங்கு புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பேராசிரியரும் இந்த வருஷத்தோடு ஓய்வு. எதையும் தூக்கிப் போடாதவர் அவர், அந்தக் கூழான அட்டைப் பெட்டிகளைக்கூடக் காய வைத்து, கயிறு கட்டி, மேல்தட்டில் வைத்திருந்தார். "பார்த்துட்டு, வேண்டாததைப் போட்டுடுங்க" என்றார். ஏணியில் ஏறி இறக்கினேன். தும்மல் நின்ற பிறகு ஒரு மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் பேனாவில் நாலைந்து வரி. வாய் அசைத்துப் படித்தேன். வெட்டிய மூலைதான் முதல் குழி, புதுப் பெட்டிக்கு மாற்றினாலும் வெட்டிய மூலையிலேயே தொடங்கவும் என்று எழுதியிருந்தது.

அட்டைப் பெட்டியில் ஒரு மூலை வெட்டியிருந்தது. பிளாஸ்டிக் பெட்டியிலும் ஒரு மூலை வெட்டியிருக்கும், தினம் பார்க்கிறேன். ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மத்தியானம் என் கை எங்கே தொடங்கியது என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மூட்டை வேலையில் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காத சட்டம். இறக்கும்போது கதவுப் பக்கத்திலிருந்து இறக்கு. ஏற்றும்போது உள்மூலையிலிருந்து ஏற்று. கதவுப் பக்கம் முதலில் ஏற்றினால் பிறகு உள்ளே போக வழி இருக்காது. பதினாறு வயதிலிருந்து அப்படித்தான். அட்டைப் பெட்டியை நான் இறக்கினேன், எனக்குப் பக்கத்தில் இருந்த வெட்டுமூலையிலிருந்து. பிளாஸ்டிக் பெட்டியை ஏற்றினேன், வெட்டுமூலைக்கு எதிரில் தூரத்தில் இருந்த உள்மூலையிலிருந்து. வரிசை ஒன்றுகூட மாறவில்லை. முதல் குப்பி எண்பத்தொன்றாம் குழியில். இரண்டாவது எண்பதில். என் மனைவியின் ஏழாவது குப்பி எழுபத்தைந்தில். நட்டநடுவில் இருக்கிற நாற்பத்தொன்று மட்டும் அதே இடத்தில். நாலு பெட்டி, நாலு நடுக்குப்பி சரி. மீதி முந்நூற்று இருபது பேருடைய ரத்தம் வேறு ஒருவர் பேரில்.

அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் கிருமிப் பரிசோதனையே செய்தார்கள்.

ஏணியிலிருந்து இறங்கி, உறைபெட்டியின் குளிர் அளவைப் பதிவேட்டில் எழுதினேன். வேலை நேரத்தில் எழுத வேண்டியது அது. மைனஸ் எழுபத்தொன்பது.

பேராசிரியருடைய ஓய்வுப் பேருரை மூன்று வாரத்தில் இருந்தது. ஆலைக் குடியிருப்பைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது, பத்து அத்தியாயம். நான் வாயைத் திறந்தால் அந்தப் பதினோரு வருஷம் போய்விடும். திறக்காவிட்டால் புத்தகம் வரும், அவர் மாலையோ கைதட்டலோ எதுவோ வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார், நானும் மூன்று வருஷத்தில் போவேன். வேறு யாருக்கும் தெரியாது. டெக்னீஷியன் இறந்து ஒன்பது வருஷம்.

முதலில் புள்ளிக்காரரிடம் போய்ப் பார்த்தேன். புள்ளியியல் பார்க்கிறவர், நாங்கள் புள்ளிக்காரர் என்போம். நாற்பது வயது, மேசையில் எப்போதும் பிஸ்கட் தூள்.

"தம்பி, ஒரு பெட்டி தலைகீழா இருந்துச்சுன்னா உங்க கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா?"

"கண்டுபிடிக்காதுண்ணே. அதுக்கு வெக்கம் மானம் கிடையாது. எதைப் போட்டாலும் கூட்டிச் சொல்லும்." பிஸ்கட்டை உடைத்து எனக்குப் பாதி நீட்டினார். "தலைகீழா இருந்தா, இருக்கிற சம்பந்தம் அழிஞ்சு போயிடும். எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்க." அதைச் சொல்லிவிட்டு அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏண்ணே கேக்கறீங்க?"

"சும்மாதான். புதுக் கட்டடத்துக்குப் போறோமில்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி பிஸ்கட்டை வாங்காமல் வந்துவிட்டேன்.

எட்டு நாள் சும்மா இருந்தேன். வேலை செய்தேன், சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் காலை மனைவி எண்ணெய் தேய்த்த முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கல்யாணம் ஆன நாள் முதல் அப்படிக் கேட்டதில்லை.

"அப்போ நம்ம தெருவுக்குத் தனியா ஒண்ணும் இல்லையா?"

"இல்லை."

"நானும் தனி ஆளு இல்லை."

"இல்லை."

"கேன் கேனா தண்ணி தூக்கினீங்களே, அது?"

"அதுவும் சும்மாதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமானது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"பத்து வயசுல ஊசி போட வந்தாங்கல்ல, எங்க ஸ்கூல் டீச்சர் எல்லாருக்கும் என்ன சொன்னாங்க தெரியுமா? எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், வலிக்காதுன்னாங்க. அந்தம்மா மட்டும் எங்கிட்ட, வலிக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு சொல்லிட்டுத்தான் போட்டாங்க. வலிச்சுது. ஆனா நான் கையை இழுக்கலை."

"அதனால?"

"அதனால என்ன அதனால. சொல்லிட்டுப் போடுங்க. வேலைக்கு நேரமாச்சு, எழுந்திருங்க."

பேராசிரியர் அறையில் மேசை, இரண்டு நாற்காலி, சுவர் உயரத்துக்குக் காகிதம். நான் உட்காரவில்லை. பழைய அட்டைப் பெட்டியையும் மூடியையும் மேசையில் வைத்தேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கேட்டா வலிக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சொன்னேன். லாரி, உள்மூலை, நாலு பெட்டி, நாற்பத்தொன்று. மூடியில் எழுதியிருந்ததைப் படித்தும் காட்டினேன். நான் முடித்ததும் அவர் அட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வெட்டுமூலையைப் பார்த்தார்.

"எனக்கு நீங்க சொல்றது போதாது" என்றார். "செஞ்சு காட்டுங்க."

அலமாரியிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் பெட்டியும், காலிக் குப்பிகளும் எடுத்தார். அட்டைப் பெட்டியில் குப்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மூடியிலும் தானே எண் எழுதினார், ஒன்றிலிருந்து எண்பத்தொன்று வரை. இருபது நிமிஷம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கையுறை கொடுத்தார்.

"அன்னைக்கு மாதிரியே. யோசிக்காதீங்க. வேகமா."

மேசையை லாரியாக நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. கை தானாகப் போனது. பக்கத்து மூலையில் எடுத்து, எதிர்மூலையில் வைத்து, வலமிருந்து இடமாக வந்து, அடுத்த வரிசை. எண்பத்தொன்று முடிந்தபோது புதுப் பெட்டியின் வெட்டுமூலையில் எண்பத்தொன்று என்று எழுதிய குப்பி இருந்தது. அவர் அதை விரலால் தொட்டார்.

"பனிக்கட்டி போட்டுட்டு நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றார். "உங்க கை நடுங்கலைங்கறதைத்தான் பார்த்தேன். எந்த மூலைல வைக்கறீங்கன்னு பார்க்கலை."

"எனக்கு அப்போ படிக்கத் தெரியாது மேடம்."

"தெரியும். நாங்க உங்ககிட்டக் கேக்கவே இல்லை." கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "வேற யாருக்குச் சொன்னீங்க?"

"வீட்டுல மட்டும்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

அவர் தலையை ஆட்டினார். புள்ளிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து அட்டைப் பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அண்ணே, அன்னைக்கே நினைச்சேன்" என்றார்.

"நினைச்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றார் பேராசிரியர்.

"உங்ககிட்டயா மேடம்? புத்தகம் அச்சுக்குப் போற நேரத்துலயா?"

பேராசிரியர் எந்தக் குழி யாருடையது என்ற பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார்.

சொன்னதை நம்பிப் பட்டியலைத் திருப்பிவிட முடியாது, சோதிக்க வேண்டும் என்றார். பெண்பிள்ளை குழி, ஆண்பிள்ளை குழி என்று பட்டியலில் இருக்கிறது. உறைந்த நீரில் ஒரு துளி எடுத்தால் அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்லிவிட முடியுமாம். ஒவ்வொரு பெட்டியிலும் பத்துக் குப்பி. எடுத்துக் கொடுத்தது நான். புள்ளிக்காரர் என் பின்னால் நின்று எந்த மூலை என்று ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொன்னார், நானும் திருப்பிச் சொன்னேன். விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. ஆறு நாளில் விடை வந்தது. பட்டியலை நேராகப் படித்தால் நாற்பதில் இருபத்தொன்று தப்பு. தலைகீழாகப் படித்தால் ஒன்றுகூடத் தப்பில்லை. சந்தேகம் தீர மற்றப் பதினாலு பெட்டிகளிலும் அதையே செய்தார்கள். அவை சரியாக இருந்தன.

புள்ளிக்காரர் நாலு பெட்டிக்கும் பட்டியலைத் திருப்பி மறுபடி கணக்குப் போட்டார். திரையில் முன்பு பதினாலு பெட்டி ஒரு கோட்டிலும், நாலு பெட்டி படுத்துக் கிடக்கிற இன்னொரு கோட்டிலும் இருக்கும், நானே பல தடவை பார்த்திருக்கிறேன். இப்போது ஒரே கோடு. ஆலைக் குடியிருப்பும் மற்றவர்களும் ஒரே மாதிரி கிழடு தட்டிக்கொண்டிருந்தோம்.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்தார். கேட்ட கேள்விக்கு விடை முன்னைவிட உறுதியாகியிருந்தது. பதினோரு வருஷம் தேடியது எங்கும் இல்லை. இரண்டும் ஒரே படத்தில் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த நாலு பெட்டி மட்டும் ஆரம்பத்துலயே இப்படி இருந்திருந்தா, அவங்களோட நாற்பது வயசுலயே முடிச்சிருக்கலாம்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அச்சகத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, புத்தகம் வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். "தப்பு கண்டுபிடிச்சாச்சு. ஆமா. பத்து அத்தியாயமும்தான்" என்று வைத்துவிட்டார்.

வேலை போகவில்லை. கிடங்கு மேலாளர் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார், நான் எழுதிக் கொடுத்தேன். முக்கால் பக்கம். என் ஆயுசில் நான் எழுதிய நீளமான எழுத்து அதுவரைக்கும் அதுதான்.

பேருரை அன்று அரங்கம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் கதவோரம், ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கிய களைப்பில். ஆலைக் குடியிருப்பு மக்களும் முடிதிருத்துகிறவரும் வந்திருந்தார்கள். பேராசிரியர் நாற்பத்தொரு வருஷத்தை முக்கால் மணியில் சொன்னார். பிறகு ஆறு கட்டுரைகளின் பெயரையும் வரிசையாகத் திரையில் காட்டி, "இதெல்லாம் தப்பு. திரும்பப் பெற எழுதிட்டேன்" என்றார். நாலு பெட்டி எதிர்மூலையிலிருந்து நிரப்பப்பட்டதைச் சொன்னார். "எங்க தொடங்கணும்னு மூடியோட உள்பக்கம் எழுதி வெச்சோம். நிரப்பினவருக்குப் படிக்கத் தெரியுமான்னு கேக்கலை. நிரப்பினவரேதான் கண்டுபிடிச்சுச் சொன்னார்."

முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். "மீதிப் பதினாலு பெட்டியை எப்படி நம்புவது?"

சோதித்ததைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த அறைல இருந்தவங்கள்ல உயிரோட இருக்கறது ரெண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தரைக் கேளுங்க."

தலைகள் திரும்பின. எழுந்து நின்றேன்.

"மத்ததெல்லாம் டெக்னீஷியன் மாத்தினதுங்க. அவருக்குப் படிக்கத் தெரியும். அவர் மூட்டை தூக்கினதில்லை."

சிரிப்பு எழுந்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போனார், ஆண் பெண் சோதனை எண்களைக் காட்டினார்.

வெளியே வரும்போது முடிதிருத்துகிறவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, பதினோரு வருஷமா நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேனே!"

"சொன்னதை இனி திரும்ப வாங்கிடுங்க. பேராசிரியரே வாங்கிட்டாங்க" என்றாள் என் மனைவி.

அடுத்த வாரம் முந்நூற்று இருபது பேருக்கும் கடிதம் வந்தது. இந்தத் தடவை அதை நான் படித்தேன், அவள் மூக்குக் கண்ணாடி சலவைக்கூடத்தில் உடைந்துவிட்டது. அவள் குப்பி இப்போது எழுபத்தைந்தாம் குழியில் இருக்கிறது. அதில் கிருமியின் தடயம் இருக்கிறது. பத்து வயதுக்கு முன்பே அவளுக்கு வந்துவிட்டது.

அவள் முழங்காலைத் தடவினாள். "அப்போ இது அந்தக் கிருமியாலயா, இல்ல உங்களோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினதாலயா?"

"கடிதத்துல அது போடலை."

"பொடி எழுத்துல இருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். இல்லை.

பேராசிரியருடைய கடைசி வேலை நாளில் பெட்டிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். நாலு பெட்டிக் குப்பிகளையும் சரியான குழிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "குப்பியை இனிமே யாரும் தொட வேண்டாம். பட்டியலைத் திருப்பியாச்சு. மூடில எழுதிட்டாப் போதும். உள்பக்கம் இல்லை, மேல." குளிரில் உதிராத மைப்பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நானா மேடம்?"

"உங்களுக்குப் புரியற மாதிரி எழுதினாத்தான் அடுத்து வரவங்களுக்கும் புரியும்."

கையுறையோடு எழுதுவது கஷ்டம். இந்தப் பெட்டியில் முதல் குழி வெட்டாத எதிர்மூலையில் இருக்கிறது என்று முதல் மூடியில் எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"எழுத்து ரொம்பப் பெருசா இருக்கு."

"தூரத்துல இருந்தே தெரியணும் மேடம்."

இரண்டாவது, மூன்றாவது மூடியிலும் அப்படியே. அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, பெட்டியைத் திறந்து, மூலையைப் பார்த்து, மூடினார். நாலாவது மூடியில் எழுத்து இன்னும் பெரிதாகிவிட்டது, இடம் பத்தவில்லை. கடைசி வார்த்தையை மூடியின் பக்கவாட்டில் எழுதினேன்.